சீதனத்தோடு போன எம்.ஜி. கார்

நல்லரத்தினம் மாமா அன்றைக்கு ஒரு சொல் குறைத்துப் பேசியிருந்தால் இந்தப் பழியே பிறந்திருக்காது. ஆனால் சீதனம் பேசுகிற இடத்தில் தாய்மாமனின் வாயை யார் பொத்துவது? கஜானிக்குக் கலியாணம் பேசி முடித்த அன்று, வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார்: "வீடும் வளவும், வளவுக்குள்ள இரிக்கிற அவ்வளவும் புள்ளைக்குத்தான்."

எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுத்தான் அது. மட்டக்களப்பில் தாய்வீடு மகளுக்கு. மகன் கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். வளவுக்குள் இருக்கிறது என்றால் கிணறு, நாலு தென்னை, ஒரு மாமரம். கல்லடியில் இருந்த அந்த வளவின் பின்பக்கக் கொட்டிலில் கஜானியின் அண்ணன் ரதீசின் பழைய இங்கிலாந்து எம்.ஜி. காரும் நின்றது. மாமாவுக்கு அது ஞாபகம் வரவில்லை. மாப்பிள்ளை நிதுர்ஷனுக்கு வந்தது.

ரதீஸ் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவன். அந்தக் காரை அவன் சும்மா வாங்கிவிடவில்லை. வாழைச்சேனையில் ஓய்வு பெற்ற எஞ்சினியர் ஒருவரின் கிடுகுக் கொட்டிலுக்குள், சீற்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருக்க, கூரையில்லாத அந்த இரண்டு ஆள் கார் கிடந்தது. எஞ்சினியர் விற்க மாட்டேன் என்றார். பழைய கார் தேடுகிறவர்களுக்கு அந்தப் பதில் புதிதல்ல. ரதீஸ் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் அவரோடு தேத்தண்ணீர் குடித்தான், மூட்டு வலிக்குப் பிண்டத்தைலம் வாங்கிக் கொடுத்தான், கார்க் கதையை மட்டும் எடுக்கவேயில்லை. இரண்டு வருசம் கழிந்து அவரே, "கொண்டு போம். ஆனா ஓட வைக்கோணும்" என்றார். உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக் கொண்டு வந்தபோது தெருவே சிரித்தது.

அரசடியில் அவன் பெண்சாதி வீட்டு ஒழுங்கைக்குள் முச்சக்கரவண்டியே உரசிக்கொண்டுதான் போகும். அதனால் கார் தாய்வீட்டிலேயே நின்றது. கையில் காசு சேரச் சேர ஒவ்வொரு சாமானாக வாங்கி வைத்தான். கடைசியாக, கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடுகிற அடிச்சட்டங்கள் புதிதாக லண்டனிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தன. இனி வேலையைத் தொடங்குவதுதான் பாக்கி என்று இருந்தான். கஜானியின் கலியாணம் முடிந்த கையோடு கொட்டிலுக்குப் புதுப்பூட்டு விழுந்தது.

"மச்சான், கொட்டில் திறப்பைத் தாங்களன். என்ட கார்ல கொஞ்சம் வேலை இரிக்கு" என்றான் ரதீஸ்.

"எந்தக் கார்?" நிதுர்ஷன் கட்டாரில் இருந்து வந்து ஹார்ட்வெயார் கடை போட்டவன். சாமான் விற்கிற அதே சிரிப்போடு கேட்டான். "வளவுக்குள்ள இரிக்கிற அவ்வளவும் எண்டு சபையில சொன்னவங்க. நான் கேட்டு வாங்கல்ல மச்சான். தந்தவங்க."

ரதீஸ் தாயைப் பார்த்தான். புஸ்பம் மகனைத் தனியே கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்தாள். "மனே, அந்தக் கறள் புடிச்ச இரும்புக்காகத் தங்கச்சிட வாழ்வக் கெடுத்துப்போடாத."

அதற்குமேல் ஒரு அண்ணன் என்ன பேசுவான்? அரசடிக்குத் திரும்பி வந்தான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். ரதீசுக்குப் பூமி வேண்டாம்; நாலு பேருக்கு முன்னால் நிதுர்ஷனின் மூக்கு உடைந்தால் போதும்.

அதற்கான நாள் தானாகவே வந்தது. ஒரு சனிக்கிழமை தாயைப் பார்க்கப் போனபோது பின்வளவில் கிரைண்டர் சத்தம் கேட்டது. காரை முன்னுக்கும் பின்னுக்கும் முட்டுக்கொடுத்து உயர்த்தி வைத்திருந்தார்கள். ஏறாவூர் இல்ஹாம் தகடு வெட்டிக்கொண்டிருந்தான். லொறிக்குத் தகடு அடித்துப் பொடி கட்டுவதில் கெட்டிக்காரன். கதவுகளைக் கழற்றி மாமரத்தில் சாத்தியிருந்தது. கறள் தின்ற அடிச்சட்டத்தில் ஒரு பக்கம் முழுவதும் வெட்டி எடுத்தாயிற்று. மற்றப் பக்கத்துக்குக் கோடு போட்டிருந்தது.

ரதீசுக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. லொறி என்றால் அடியில் முதுகெலும்பு மாதிரிச் சட்டகம் இருக்கும். எதை வெட்டினாலும் அது தாங்கும். இந்தக் காருக்கு அடியிலும் அது இல்லை, மேலே கூரையும் இல்லை. அதன் பலம் முழுக்க அந்த இரண்டு அடிச்சட்டங்களில்தான். வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி ஒன்றை ஒட்டிவிட வேண்டும். பிறகும் ஒரு பக்கத்தை வெட்டி, புதியதை ஒட்டி முடித்துத்தான் மறுபக்கத்தில் கைவைக்க வேண்டும். கூரையில்லாத கார் திருத்துகிறவர்களுக்கு அதுதான் அரிச்சுவடி. இல்லாவிட்டால் வயிறு கீழே இறங்கிவிடும். ஒரு விரற்கடை இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது. கதவு பூட்டுகிற அன்றைக்குத்தான் தெரியும்.

இங்கே கம்பி இல்லை.

இல்ஹாம் கிரைண்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "ரதீஸ் அண்ணன், நான் இந்த மாதிரிக் கார் செஞ்சதில்ல. நீங்க இதைப் பத்திப் படிச்ச ஆள். இப்பிடியே மத்தப் பக்கத்தையும் வெட்டினாச் சரிதானே?"

நிதுர்ஷனும் திரும்பிப் பார்த்தான். சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரத்தில்தான் சுவரில் சாத்தியிருந்த புதுச்சட்டங்கள் ரதீசின் கண்ணில் பட்டன. லண்டனிலிருந்து வந்த கடதாசி உறையைக் கிழித்து எறிந்திருந்தார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

"மச்சான்ட கார்தானே" என்றான் ரதீஸ். "அவருக்குத் தெரியாததா?"

"அதானே" என்றான் நிதுர்ஷன். "நீ வெட்டு இல்ஹாம்."

கஜானி தேத்தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். ரதீஸ் மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்து, தீப்பொறி பறப்பதைப் பார்த்தபடி, கடைசிச் சொட்டுவரை ருசித்துக் குடித்தான். கிரைண்டர் சத்தம் அவனுக்குக் கலியாணவீட்டு மேளமாகக் கேட்டது. இரண்டாவது சட்டம் கழன்று விழுந்ததும் கார் ஒரு முறை முனகியது. இல்ஹாம் முட்டு நகர்ந்ததாக நினைத்து ஆப்பு வைத்தான்.

அதன்பிறகு ரதீஸ் போகிற போதெல்லாம் காரைப் புகழ்ந்தான். கரும்பச்சையாக இருந்ததற்குக் கோயில் தேர் மாதிரிச் சிவப்பு அடித்தபோதும், "எடுப்பா இரிக்கு மச்சான்" என்றான். கதவு சரியாக உட்காரவில்லை என்று இல்ஹாம் விளிம்பை அராவினான், தட்டினான், பூட்டை இடம் மாற்றினான். ஓடி ஓடிப் படிந்துவிடும் என்று நிதுர்ஷன் தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

ஆவணியில், பழைய கார் வைத்திருக்கிற கொழும்பு, கண்டி ஆட்கள் வரிசையாகப் பாசிக்குடாவுக்குப் போகிற வழியில் கல்லடிக் கடற்கரையில் நிற்கிறார்கள் என்று செய்தி வந்தது. நிதுர்ஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ரதீஸ், புஸ்பம் என்று சொந்தபந்தம் எல்லாரையும் கடற்கரைக்கு வரச்சொல்லி, காருக்கு மாலை போட்டு, கஜானியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வரிசையில் நிறுத்தினான். வருகிற வழியெல்லாம் அவள் தன் பக்கக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கண்டியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார், சாத்தினார். அது பொருந்தவில்லை. மேல் இடுக்கில் விரல் நுழையவில்லை. கீழ் இடுக்கில் கையே நுழைந்தது.

"வெட்டும்போது கம்பி வைக்கலையா தம்பி?"

"என்ன கம்பி?" என்றான் நிதுர்ஷன்.

பெரியவர் விளக்கிச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். "கார் நடுவில மடிஞ்சு போச்சு. இனித் திரும்ப வெட்டினா மிச்சத் தகடும் கையோட வந்திரும். பாவம், நல்ல கார். தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் பக்கத்தில இருக்கலையா?"

சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நிதுர்ஷனின் முகம் வெளிறிப் போயிருந்தது. எட்டு மாதமாக ரதீஸ் காத்திருந்தது இதற்குத்தான். மனம் குளிர்ந்தது, பொய் சொல்லக்கூடாது.

நிதுர்ஷன் மெல்லத் திரும்பி ரதீசைப் பார்த்தான். சட்டம் வெட்டிய அன்று மாமரத்துக்குக் கீழே அவன் போட்டிருந்த கதிரையை அப்போதுதான் கண்டவன் போலப் பார்த்தான்.

"இல்ல ஐயா" என்றான். "ஒருத்தரும் இரிக்கல்ல."

கஜானி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்குத் தேத்தண்ணீர் கொடுத்தவள் அவள்தானே.

நிதுர்ஷன் மாலையைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு, திறப்பை ரதீசின் கைக்குள் வைத்தான். "கொண்டு போங்க மச்சான். உங்கட கார்."

புஸ்பத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தோசத்தில் கண்கலங்கி மகனின் முதுகைத் தடவினாள். "பாத்தியா மனே, நீ பொறுமையா இரிந்தாய். கடவுள் உன்ட பொருளை உனக்கே தந்திட்டார்."

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ரதீஸ் ஏறி உட்கார்ந்து காரை எடுத்தான். எஞ்சின் அருமையாகக் கேட்டது. இரண்டாம் கியருக்கு மாற்றி வீதிக்கு ஏறியதும் அவன் பக்கத்துக் கதவு தானாக விரிந்தது. வலக்கையால் இழுத்துப் பிடித்தான். இடக்கை ஸ்டியரிங்கில். கியர் மாற்றக் கையில்லை.

அப்படியே இரண்டாம் கியரில் கல்லடிப் பாலத்தில் ஏறினான். பின்னால் பஸ் ஹோன் அடித்தது. அவன் ஒதுங்கவில்லை, வேகம் எடுக்கவும் இல்லை. தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்துக் கைகாட்டினார்கள். புதுக்கார் வாங்கியவன் ஊருக்குக் காட்டிக்கொண்டு ஆறுதலாகப் போகிறான் என்று அவர்களுக்கு நினைப்பு. திருப்பிக் கைகாட்ட ரதீசுக்கு ஒரு கையும் இல்லை.