அண்ணியின் பிஸ்கட் டப்பா

என் அண்ணி எதையும் தூக்கிப் போடமாட்டாள். ரப்பர் பேண்ட், பேனா மூடி, அறுந்த பொத்தான் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கும். கேட்டால், "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பாள். எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஜென்மம் என்று அண்ணனிடமே சொல்லியிருக்கிறேன். அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். மாடியில் அவர்கள், கீழே நானும் என் வீட்டுக்காரரும். விழாமலா இருக்கும்?

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவாள். அங்கேயும் அதே புத்தி. இரண்டு சீவல் போதும் என்றால் எட்டு சீவுவாள். மிச்சத்தைச் சாயம் ஏற்றாமல் எடுத்து வைப்பாள்.

கல்யாணமான மூன்றாம் வருடம் எனக்கு நாள் கணக்கில்லாமல் இரத்தம் போனது. கர்ப்பப்பை வாயிலிருந்து அரிசி அளவு சதை எடுத்து அண்ணியின் பரிசோதனைக்கூடத்தில் பார்த்தார்கள். புற்றுநோய். பையையே எடுத்துவிட வேண்டும், அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கென்று நான் பின்னி வைத்திருந்த காலுறைகளை அன்றே வாசல் குப்பைத்தொட்டியில் வீசினேன். சாவதைவிட அதுதான் வலித்தது.

வெள்ளிக்கிழமை அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

"உன் சதையைத் திரும்பப் பார்த்தேன். அங்க வழக்கமா வர்ற புத்துநோய்ல செல்லெல்லாம் கும்பலா ஒட்டிக்கிட்டு இருக்கும். உன்னுது ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா நிக்குது. பெரிய டாக்டர்கிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'நீ டாக்டரா, நான் டாக்டரா'ன்னார். அப்புறம் அவரே மைக்ராஸ்கோப்ல குனிஞ்சு பார்த்தார். வேற சாயம் போட்டுப் பார்க்கணுமாம். மெழுகுல சதை தீர்ந்துபோச்சு."

"ஐயோ, அப்போ?"

"ஐயோவாவது? ஆறு சீவல் எடுத்து வச்சிருக்கேன்டி!"

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. வெள்ளணுக்களில் வரும் இரத்தப் புற்றுநோய் வகை. அது கர்ப்பப்பை வாயில் போய்த் தொடங்குவது மிக அபூர்வமாம். எனக்கு வந்ததில்கூடத் தனிப் பெருமை! ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை. கத்தி வேண்டாம், மருந்தே போதும் என்றார்கள். இரத்தப் புற்றுநோய் என்று கேட்டுத் துள்ளிக் குதித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். தலை வழுக்கையானது. "இப்பதான் அண்ணன் ஜாடை தெரியுது" என்று அண்ணி பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டாள்.

கடைசி ஸ்கேன் சுத்தமாக வந்தது. "பை நல்லா இருக்கு. ரெண்டு வருஷம் போகட்டும், அப்புறம் குழந்தையைப் பத்திப் பேசலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். ரப்பர் பேண்டுகளுக்கு அடியில், துவைத்து மடித்த இரண்டு குட்டிக் காலுறைகள்.

"இது எப்படி அண்ணி..."

"தொட்டியில கிடந்துச்சு. எதுக்காவது ஆகும்னு..." அவள் காலுறைகளின் மடிப்பை விரலால் நீவிவிட்டாள்.

"கஞ்சம், சரியான கஞ்சம்!" என்று திட்டிக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"மெதுவாடி," என்றாள் அண்ணி, "டப்பா நசுங்குது."