கிணற்றடியாள்

அவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார்கள். சாதாரண உடுப்பில் இரண்டு புலனாய்வு ஆட்கள், ஒரு மோட்டார் சைக்கிள். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெர்னடெட் கையைக் கழுவாமலே வாசலுக்கு வந்துவிட்டாள்.

முன்னால் நின்றவன் நல்ல தமிழில் பணிவாகக் கதைத்தான். கையிலிருந்த சிற்றிதழை விரித்து ஒரு கவிதைக்குக் கீழே கிடந்த பெயரில் விரலை வைத்தான்.

“அம்மா, கிணற்றடியாள் எண்டது ஆர்?”

அது பெர்னடெட் நடத்தும் ‘முரல்’ இதழின் முப்பத்தோராவது வெளியீடு.

“தெரியாது தம்பி. தபாலிலை வந்த கவிதை.”

“அப்ப கடித உறை இருக்கும்தானே? நாளைக்குப் பத்து மணிக்கு அதோடை எங்கடை கந்தோருக்கு வாங்கோ.”

மோட்டார் சைக்கிள் குருநகர்த் தேவாலய முடக்கில் மறையும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். முப்பது வருடம் தபாற்கந்தோரில் வேலை செய்தவள். வாயில் தபால் என்று வந்துவிட்டது. உண்மையில் கவிதை வந்தது வாட்ஸ்அப்பில். அனுப்பியவள் உதயகலா. கீரிமலைப் பக்கம் கிணற்றோடு அவளுடைய வளவு இன்னும் இராணுவ முகாமின் முள்வேலிக்குள் கிடக்கிறது. அரசாங்க உத்தியோகம், இரண்டு பெண் பிள்ளைகள், புருசன் இல்லை. அந்தப் பெயர் வெளியே வந்தால் வேலையும் போகும், நிம்மதியும் போகும்.

பெர்னடெட் உதயகலாவின் செய்திகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்தால் அழிந்துவிடுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. உதயகலாவுக்குச் சொல்லிவைப்போம் என்றால், அழைப்பை யாராவது ஒட்டுக்கேட்டால்? போனை அரிசி வாளிக்குள் வைத்து மூடினாள். பிறகு அதுவும் விசர்த்தனமாகப்பட்டு வெளியே எடுத்தாள்.

கடலால் வந்த புருசன் எமில்ராஜ் அவளுடைய முகத்தைப் பார்த்து விசாரித்தான், அவள் நடந்ததைச் சொன்னாள்.

“இஞ்சேரப்பா, உன்ரை கவிதைக்கெண்டாலும் பரவாயில்லை. ஆரோ எழுதினதுக்கு நீ ஏன் சாகிறாய்?”

அவன் கேட்டதும் சரிதான். அவளிடம் சொந்தமாக ஒரு தொகுப்புக்கூட இல்லை. நாற்பது பேருடைய கவிதைகளைத் தேடிப்பிடித்து, படியெடுத்து, அச்சகத்து வாசலில் காத்துநின்று புத்தகமாக்கியவள். கூட்டங்களில் மேடை ஏறினால் மற்றவர்களுடைய கவிதையைத்தான் மனப்பாடமாகச் சொல்லுவாள். தன்னுடையவை கொப்பிகளில் கிடந்தன.

ஆனால் அவளை விழுங்கிய பயம் இன்று வந்தது இல்லை. எண்பத்தொன்பதில் சீவரத்தினம் என்ற பெடியன் ஒரு கவிதை தந்தான். “அக்கா, பேர் வேண்டாம்” என்றான். இருபத்துநாலு வயதுப் பெர்னடெட் கேட்கவில்லை. இவ்வளவு நல்ல கவிதைக்குப் பெயர் இல்லாமலா என்று அடம்பிடித்து, கொட்டை எழுத்தில் போட்டாள். இரண்டு மாதத்தில் அவனை யாரோ ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றைக்கும் தெரியாது, அவன் திரும்பி வரவும் இல்லை. அவனுடைய தாய் அவளிடம் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் காலை எமில்ராஜ் அவளை ஓட்டோவில் கூட்டிப்போனான். அவனை வெளியே மறித்துவிட்டார்கள். உள்ளே ஒரு மரவாங்கில் பன்னிரண்டரை மணிவரை அவளை இருத்தினார்கள். தண்ணீர் விடாய்த்தது, கேட்கப் பயமாக இருந்தது. செபமாலையைச் சொல்லப் பார்த்தாள். பாதியில் வரிகள் கலைந்துபோயின.

அறைக்குள் நேற்று வந்தவன்தான் மேசைக்குப் பின்னால் இருந்தான்.

“உறை கொண்டுவந்தியளோ?”

“இல்லை.” தன்னுடைய குரல் யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது. “உறை ஒண்டும் இல்லை. நேற்றுப் பயத்திலை பொய் சொல்லிப்போட்டன். அதை எழுதினது நான்தான்.”

அவன் சிரித்தான்.

“நீங்கள் குருநகர் ஆள். கவிதையிலை வாற கீரிமலைக் கிணறு உங்களுக்கு ஏது?”

“கவிதை எழுதக் காணி உறுதிப்பத்திரம் வேணுமே, தம்பி?”

சொன்ன உடனேயே, வாயைக் குடுத்துக் கெட்டேன் என்று நினைத்தாள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு இதழைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“அப்ப பாராமல் சொல்லுங்கோ பாப்பம்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“வேலிக்கு அப்பால் என் கிணறு
யாருக்கோ சுரக்கிறது.
துலாவுக்கு மட்டும்
இன்னும் என் கை ஞாபகம்…”

“நில்லுங்கோ.” அவனுடைய விரல் ஒரு வரியில் நின்றது. “இதிலை கப்பி எண்டெல்லோ கிடக்கு.”

கயிறு ஓடும் கப்பியைத் துலா மரமாக மாற்றச் சொல்லி அவள்தான் உதயகலாவோடு ஒரு கிழமை மல்லுக்கட்டினாள். “எங்கடை கிணத்திலை கப்பிதான் அக்கா” என்று அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது தான் விரும்பிய சொல் தன் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

“கப்பி எண்டுதான் அச்சுக்குக் குடுத்தனான்,” என்றாள் பெர்னடெட், மெல்ல. “பிறகுதான் துலா திறம் எண்டு பட்டது. எழுதினவளுக்குத்தானே தம்பி சொல்லை மாத்தி மாத்திப் பாக்கிற அரிகண்டம் தெரியும். வாசிக்கிறவை அச்சிலை கிடக்கிறதை அப்பிடியே சொல்லுவினம்.”

அவன் இழுப்பறையிலிருந்து வாக்குமூலத் தாளை எடுத்தான். கவிதை என்னுடையது என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து வைத்தாள். எழுத்து கோணலாக விழுந்தது.

சனிக்கிழமை உதயகலா பஸ்ஸில் வந்தாள். நடந்ததைக் கேட்டு முதலில் அழுதாள். பிறகு முகம் இறுகிப்போயிற்று.

“என்ரை பிள்ளையளைக் காப்பாத்திப்போட்டியள் அக்கா. ஆனால் இனி என்ரை கிணத்தை நான் என்ரை எண்டு சொல்லேலாதெல்லோ?”

“ஓம்” என்றாள் பெர்னடெட்.

இரண்டு பேரும் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். பின்னேர பஸ்ஸுக்கு எழும்பியபோது உதயகலா கைப்பையைத் திறந்து, மடித்த தாள் ஒன்றை மேசையில் வைத்தாள். இன்னொரு கவிதை, இந்த முறை கையால் எழுதியிருந்தாள்.

“விருப்பமெண்டால் போடுங்கோ. பயமெண்டால் எரியுங்கோ. நான் கோவிக்க மாட்டன்.”

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகத்தைக் குறைத்தது. பெர்னடெட்டின் கை தானாகவே தாளின்மேல் கவிழ்ந்தது. சத்தம் வீட்டைத் தாண்டிப் போனது. பிறகு பெர்னடெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியை வாசிக்கத் தொடங்கினாள்.