போல்ட் வைத்து அடைத்த வால்வு

1.
முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் வரும் காற்றழுத்தக் கம்ப்ரஸரை விற்றவன் நான்தான். தார் எஸ் சலாம் நகரத்தின் ம்பகாலா பகுதியில் என் கடை.

"நாள் பூரா ஓடுமா?" என்று முவானைதி கேட்டாள். வீட்டுக் கொல்லையில் ஆட்டோக்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறவள்.

"உங்க பேரன் கல்யாணம் வரைக்கும் ஓடும்" என்றேன். அது அரை மணி ஓடினால் அரை மணி ஆறவேண்டிய சின்ன மெஷின். அவள் தினம் மூன்று ஆட்டோ அடித்தாள்.

2.
காலை வெயிலில் கடற்காற்று மெல்ல— (வேண்டாம். மெஷினின் காற்றுத் தொட்டிக்குள் தண்ணீர் சேரும்போது வர்ணனை ஒரு கேடா?)

காற்றோடு போகும் ஈரம் தொட்டியின் அடியில் தண்ணீராகத் தங்கும். தினமும் அடியில் உள்ள திருகைத் திறந்து வடிக்காவிட்டால் உள்ளே துருப்பிடித்து இரும்பு மெலியும். வடிப்பது மகங்காவின் பொறுப்பு. அதே மெஷினில் காற்றெடுத்து வாசலில் பஞ்சர் ஒட்டுகிறவன். வடித்தாயா என்றால், "குடிச்சே தீத்துட்டேன்" என்பான்.

முவானைதி சராமோ இனம், மகங்கா நியாம்வேசி. இந்த இரண்டு இனத்துக்கும் இடையே கேலி முறை உண்டு. எவ்வளவு திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில் பிணத்தைக்கூடக் கிண்டலடிக்கலாம். "உன்னைப் புதைச்சிட்டுத்தாண்டா நான் சாவேன்" என்று பதினோரு வருஷமாகத் தினமும் அவனிடம் சொல்லிவருகிறாள்.

3.
அந்த வியாழக்கிழமை காலையிலிருந்து மெஷின் விசிலடித்துக்கொண்டிருந்தது. நிற்கவேண்டிய அழுத்தத்தில் மோட்டார் நிற்காவிட்டால், மிஞ்சிய காற்றைப் பாதுகாப்பு வால்வு அப்படித்தான் வெளியே விடும். அவள் மெஷினை அணைத்துவிட்டுப் பெயின்ட் வாங்கப் போனாள். திரும்பி வந்தால், மெஷின் ஓடுகிறது, விசில் இல்லை. வால்வு இருந்த இடத்தில் ஒரு போல்ட். சுற்றிலும் பசை.

"காது வலிச்சுது, அடைச்சிட்டேன்" என்றான் மகங்கா. "கூலி வேண்டாம், ஒரு கோழி குடு போதும்."

அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. பாய்ந்து அணைத்து, அடித்திருகைத் திறந்தாள். டீ நிறத்தில் தண்ணீர் சீறி வந்து அவன் செருப்பை நனைத்தது.

"பாருடா! எத்தனை நாளா வடிக்கல? இது வெடிச்சா உன்னைப் பொறுக்கி எடுக்கக்கூட முடியாது!"

"குழி வெட்டுற வேலை மிச்சம். என் தொப்பிய நீயே எடுத்துக்கடி, சராமோ."

"மகங்கா, நான் விளையாடல."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அந்த மூஞ்சி! இன்னொரு தடவை பண்ணு!"

 பதினோரு வருஷத்தில் அவளிடம் இருந்த திட்டு அத்தனையும் சிரிப்புக்கே செலவாகிவிட்டது. உயிர் போகிற நேரத்தில் சொல்ல ஒரு வார்த்தை மிச்சமில்லை.

4.
பசை இறுகி, போல்ட் அசையவில்லை. மெஷினை யாரும் போடாமலிருக்கக் குறடால் வயரை வெட்டி, பிளக்கை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு, புது வால்வுக்காக என் கடைக்கு வந்தாள்.

(முடிவு ஒன்று: வெடிக்கிறது. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். பாடம் சொல்வதற்காக ஒரு ஆளைக் கொல்ல நான் என்ன கசாப்புக்காரனா? முடிவு இரண்டு: மகங்கா திருந்துகிறான். இதற்கு நீங்களே சிரிக்கிறீர்கள்.)

"எவ்வளவு?"

"உங்களுக்குன்னா, பேரன் கல்யாணம் வரைக்கும் தவணை—"

மேஜையில் ஓங்கி அறைந்தாள். "நீயும் இப்படிச் சிரிச்சித்தானே வித்த!"

5.
அங்கிருந்தே அவனுக்குப் போன் போட்டாள்.

"நாலு மணிக்குக் கல்யாண ஆட்டோ டயருக்குக் காத்தடிச்சுக் குடுக்கணும். பிளக் இல்லேன்னா என்ன? தீக்குச்சி இருக்கு" என்றான். வெட்டின வயரைச் சுவரில் உள்ள பிளக் ஓட்டையில் செருகித் தீக்குச்சியால் இறுக்குவது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

"மெஷினத் தொடாத! வெடிச்சு செத்துருவ!"

சிரிப்பு.

போனை நான் வாங்கி, அவள் சொல்வது நிஜம் என்றேன்.

"ஓ, கடைக்காரரா! புது மெஷின் தள்ளிவிடணுமா?" மறுபடி சிரிப்பு.

இணைப்பு இன்னும் அறுபடவில்லை. முவானைதி போனைப் பிடுங்கி நீட்டுகிறாள். என்னிடம் அல்ல, உங்களிடம். உங்களுக்கும் அவனுக்கும் கேலி முறை கிடையாது. அவனிடம் நீங்கள் எதையும் விற்றதும் இல்லை. பிடியுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். தீப்பெட்டி குலுங்குகிற சத்தம் கேட்கிறதா?