நான் சும்மா இல்லாமல் போன காலை

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு வாளியிலிருந்து. வாளிக்குள் நான் வேரோடு பிடுங்கிய இருபத்திரண்டு செடிகள் கிடக்கின்றன. அத்தனையும் என் அக்காவுடையவை. நாளைக் காலை அக்கா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருகிறாள்.

2.

முதல் வரியாக இதைத்தான் எழுதியிருந்தேன்: 'இலையுதிர்காலத்தின் பொன்னொளியில் அந்தத் தோட்டம் ஒரு'

ஒரு என்ன? ஒரு மணி நேரம் மண்டையை உடைத்தும் வரவில்லை. எழுத்து ஓடாவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். வழக்கமாக அலமாரியை அடுக்குவேன். இன்று பார்த்து, களை எடுக்கலாமே என்று தோட்டத்தில் இறங்கிவிட்டேன்.

3.

அக்காவுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. அந்தப் பொறுமையோடு மூன்று வருடத்துக்கு முன் வீட்டு முன்னால் இந்த மண்ணுக்கே உரிய பூச்செடிகளையும் புற்களையும் நட்டாள். மற்ற தோட்டங்கள் பூத்து ஓய்ந்தபின் பூக்கிற ரகம். குளிருக்கு முன் தேனீக்களுக்குக் கிடைக்கிற கடைசிச் சாப்பாடு என்பாள். முதல் இரண்டு வருடமும் அவை வேர் விடுவதிலேயே காலத்தைத் தள்ளின. (என் நாவலும் அப்படித்தான் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். வேர்தான் இன்னும் தென்படவில்லை.) இந்த வருடம் பூத்துவிடும் என்றிருந்தபோது முழங்காலில் அறுவை சிகிச்சை வந்து சேர்ந்தது.

போகும்போது ஒன்றுதான் சொன்னாள். "எதையும் தொடாத. பாக்க களை மாதிரிதான் இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். நீ சும்மா இருந்தா போதும்டா."

சும்மா இருப்பதில் எனக்கு இருபது வருட அனுபவம். ஒரே ஒரு காலை தவறிவிட்டது.

ஒவ்வொரு செடியின் காலடியிலும் அடையாளத்துக்கு ஒரு பிளாஸ்டர் பல்லைப் புதைத்து வைத்திருக்கிறாள் மகராசி. கூழாங்கல் என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். இருபத்திரண்டாவதில்தான் உற்றுப் பார்த்தேன். குழிகளெல்லாம் என்னைப் பார்த்து இளித்தன.

4.

முடிவு அ: திரும்ப நடுகிறேன், பிழைத்துவிடுகின்றன, அக்காவுக்குத் தெரியவே தெரியாது. (நிஜமாகவே நட்டுப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் தலை தொங்கிவிட்டன.)

முடிவு ஆ: பக்கத்து வீட்டு ஆடு. (பக்கத்து வீட்டில் ஆடு கிடையாது. இரண்டு பத்தி எழுதியபிறகுதான் நினைவுக்கு வந்தது.)

5.

அக்கா வந்தாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தாள். அவளுக்கென்று நான் நல்ல வசனமாக யோசித்து வைத்திருந்தேன். அவள் அதைப் பேசவில்லை.

"நீயா?"

"நான்தான்க்கா. களைன்னு நெனச்சு..."

"மூணு வருஷம்டா," என்றாள்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அதைக் கதையில் சேர்ப்பதாக இல்லை, சேர்ந்துவிட்டது.

உள்ளே வந்ததும் முடிவு 'அ'வை அவளுக்குப் படித்துக் காட்டினேன், சமாதானம் ஆவாள் என்று.

"காகிதத்துல பொழச்சு என்ன பிரயோஜனம்?" என்றாள். பிறகு ஜன்னல் வழியாகக் கைத்தடியை நீட்டினாள். "அந்தக் குழாயடியில நாலு நிக்குதே, அத ஏன் விட்ட?"

"அங்க ஒரே சேறு. செருப்பு அழுக்காயிடும்னு..."

அக்கா என்னையே பார்த்தாள். "நல்லவேளை. நீ எதையும் முழுசா முடிக்கிறவன் இல்ல."

6.

ஒரு வாரம் ஆகிவிட்டது. குழாயடியில் ஒரு புல் தூர், மூன்று பூச்செடிகள். அதில் ஒன்று இன்று காலை பூத்தது. அக்கா அதன் எதிரே நாற்காலி போட்டு, காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஒரு பூவுக்காக எந்தத் தேனீயாவது இவ்வளவு தூரம் வருமா என்று தெரியவில்லை.

என் பேனாவில் ஒரு தேனீ தயாராக இருக்கிறது. இரண்டே வரியில் கொண்டுவந்து இறக்கிவிடுவேன்.

"ஒண்ணும் பண்ணாத," என்கிறாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே. "சும்மா உட்காரு."

பேனாவை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்களும் வந்து உட்காருங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள், இங்கே இன்னும் சேறுதான்.