பற்றவைக்காத ஒரு நாள்

பதினைந்து மணி நேரமாக வாட்ஸ்அப்பில் அந்தச் சாம்பல் நிற டிக் ஒன்றாகவே நிற்கிறது, மாரீஸ்வரி இமைக்காமல் பார்த்தால் இரண்டாகத் தெரிகிறது, இமைத்தால் மறுபடி ஒன்று, கனீ எங்கட்டி இருக்க என்று அனுப்பியது கனடாவுக்குப் போகாமல் கோவில்பட்டிக்கு மேலேயே எங்கேயோ தொங்குகிறது, நேற்றிரவு கூடப் படித்த சண்முகக்கனி கடைசியாக அனுப்பிய குரல் மட்டும் கைபேசிக்குள் இருக்கிறது, ஏரிக்கு அந்தப் பக்கம் காடு எரியுதுட்டி, எங்களையும் கெளம்பச் சொல்லிட்டாங்க, முக்கியமானத மட்டும் கார்ல ஏத்தணுமாம், எங்கம்மாட்ட மட்டும் மூச்சு விட்ராத, அதுக்குப் பிரஷர் ஏறிரும், பிறகு காற்றின் இரைச்சல், காரின் கதவு சாத்தும் சத்தம், அவ்வளவுதான்.

மாரீஸ்வரிக்குத் தீப்பெட்டி ஆலையில் தரம் பார்க்கிற வேலை, வேதியியல் படித்ததற்கு ஊரில் அதுதான் கிடைத்தது, கட்டுக்குச் சில குச்சிகளை உருவி உரசிப் பார்க்க வேண்டும், பற்றினால் நல்ல சரக்கு, இன்றைக்கு ஒவ்வொன்றையும் உரசும்போது பற்றாதே பற்றாதே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், நமுத்துப்போன ஒன்று புஸ்ஸென்று அணைய, தன்னையறியாமல் சிரித்துவிட்டாள், என்னம்மா, கம்பெனி நட்டப்படுறதுல அவ்வளவு சந்தோசமா என்றார் மேற்பார்வை பார்க்கிற செல்லையா அண்ணாச்சி, அவள் காட்டுத்தீயைப் பற்றிச் சொன்னாள், பெரிய காடோ என்று கேட்டார், ரொம்பப் பெரிசு அண்ணாச்சி, எல்லாம் பைன் மரம், அண்ணாச்சி கண்ணை மூடி எதையோ பெருக்கிப் பார்த்துவிட்டு, அய்யோ, எத்தனை கோடி குச்சி என்று தலையில் கை வைத்துக்கொண்டார், அவருக்கும் துக்கம்தான், அவர் வழியில்.

அந்த மரங்களை அவளுக்குத் தெரியும், கனி அங்கே போன புதிதில் அனுப்பிய படம், பின்னால் பச்சை பச்சையாக நிமிர்ந்து நிற்கின்றன, ஸ்டுடியோவுல பின்னால தொங்கவிடுற சீலையா என்று கேட்டதற்கு, நெசமான மரம்ட்டி, இங்க மரந்தான் இருக்கு, மனுசங்களைத்தான் தேடணும் என்றாள், சாப்பாட்டு மணி அடித்தும் எழாமல் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே மேசையில் தலை சாய்க்கிறாள், மரங்கள் ஒல்லியாகி ஒல்லியாகி மருந்தில் தோய்த்த குச்சிகளாகின்றன, நடுவில் கனி, கல்லூரி ஆய்வகத்தின் வெள்ளைக் கோட்டோடு நின்று கையாட்டுகிறாள், ஓடிவா என்று கத்த வேண்டும், மாரீஸ்வரிக்குக் குரல் வரவில்லை, எப்போதுதான் வந்தது, வருகைப் பதிவின்போது அவள் சொல்கிற பிரசன்ட் மேம் முதல் பெஞ்சைக்கூடத் தாண்டாது, அதனால் கனிதான் இரண்டு குரலில் இரண்டு தடவை சொல்வாள், ஒரு நாள் கனிக்குக் காய்ச்சல், மாரீஸ்வரி வகுப்பில் முழுசாக உட்கார்ந்திருந்தும் இருவருக்கும் ஆப்சென்ட் விழுந்தது, மறுநாள் கேட்ட கனி விழுந்து விழுந்து சிரிக்கிறாள், நான் இல்லேன்னா நீயே இல்லையாட்டி, அந்தச் சிரிப்பிலிருந்து விழித்தால் எதிரே கைபேசி, ஒற்றை டிக்.

வேலை முடிகிற நேரத்தில் கனியின் அம்மா, இவளுக்குப் பெரியம்மா, போனில் கூப்பிட்டாள், ஏட்டி மாரி, போற வழியில வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ, பெரியம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது, என்ன பொய் சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள், ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள், கனி போன் எடுக்க மாட்டேங்கா, ஒனக்குப் பேசினாளா என்று பெரியம்மா கேட்டதும், அங்க பனி பெரியம்மா, பனி விழுந்து டவர் எல்லாம் மூடிருச்சாம், வாயில் வந்துவிட்டது, ஆகஸ்ட் மாதம், அறிவியல் படித்தவள், பெரியம்மா அவளையே பார்க்கிறாள், அப்படியா, பனியா, நல்லா விழட்டும் என்கிறாள்.

நல்லா விழட்டுமா?

வந்தால் சொம்பளவு காப்பி தருகிற பெரியம்மா இன்றைக்கு ஊறவைத்த அவலும் வெல்லமும் கொண்டுவந்து வைக்கிறாள், காஸ் தீந்துபோச்சுட்டி என்கிறாள், அடுக்களை மூலையில் இன்னொரு சிலிண்டர் சீல் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறது, டிவியின் மேல் போர்வை, அது ரிப்பேரு, பெரியப்பா நாற்காலியில் பற்றவைக்காத பீடியைக் கடித்துக்கொண்டிருக்கிறார், இன்னிக்கு ஒரு நா அதைத் தொடாதீயன்னேன், சரின்னுட்டாரு என்கிறாள் பெரியம்மா, முப்பது வருசமாக நடக்காதது ஒரே சொல்லில் எப்படி நடந்தது என்று மாரீஸ்வரி யோசிக்கிறாள், பெரியப்பா அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கிறார், ஆறரை தாண்டுகிறது, தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு வைத்தாகிவிட்டது, இங்கே மட்டும் சாமி படங்கள் இருட்டில் நிற்கின்றன, திரி இல்ல என்கிறாள் பெரியம்மா, கேட்காமலேயே, பிறகு குரலைத் தாழ்த்தி, ஆமா, ஒன் பையில தீப்பெட்டி கெடக்கா, எப்பவும் இருக்கும் பெரியம்மா, அப்ப அந்தப் பைய வாசல்ல வச்சிட்டு வா தாயி.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, டிவியில் காடு எரிவதைப் பார்த்துவிட்டார்கள், காலையிலிருந்து இந்த வீட்டில் ஒரு பொறி இல்லை, இங்கே பற்றவைக்காமல் இருந்தால் அங்கே அணைந்துவிடும் என்று ஒருத்தி பட்டினி கிடக்கிறாள், இதில் எந்த வேதியியலும் இல்லை, ஆனால் தானும் காலையிலிருந்து குச்சிகளைக் கும்பிட்டுக்கொண்டுதானே இருந்தாள், எழுந்துபோய்ப் பையை வாசலில் வைக்கிறாள், அதற்குள்ளிருந்தே கைபேசி அடிக்கிறது, தெரியாத எண், எடுக்கிற அவசரத்தில் ஒலிபெருக்கியில் விரல் பட்டுவிட, ஏட்டி மாரி, நான்தான், உயிரோடதான் இருக்கோம், நானும் அவரும் ஒரு பள்ளிக்கூடத்துல படுத்திருக்கோம், இது யார் போனோ, என் போனு போயிருச்சு, எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல, வீடு முழுக்கக் கேட்டது.

பெரியம்மா கைபேசியைப் பிடுங்கிக்கொள்கிறாள், கண்ணில் நீர் ஓடுகிறது, குரல் மட்டும் சந்தைக்குப் போய்வந்தவள் போல, கனீ, அங்க பனியாமே, ஸ்வெட்டர் போட்டியா, அந்தப் பக்கம் கனியும் அதைப் பிடித்துக்கொள்கிறாள், ஆமம்மா, ஒரே பனி, வெள்ளை வெளேர்னு, இருமுகிறாள், என்னட்டி இருமல், பனி ஒத்துக்கலம்மா, நாற்காலியிலிருந்து பெரியப்பாவும், பனின்னா மொளகுரசம் வச்சிக் குடி தாயி என்கிறார், குரல் உடைந்துபோகிறது, மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பனியை அள்ளிக் கொட்டுகிறார்கள், தான் கொடுத்த பனி, முழங்கால் வரை, இடுப்பு வரை, இனி மூச்சுமுட்டிவிடும் என்று தோன்றுகிறது மாரீஸ்வரிக்கு, நிறுத்துங்க, என்று ஒரு சத்தம் கேட்கிறது, அது தன்னுடையது என்று அவளுக்கே பிறகுதான் தெரிகிறது, கனீ, இங்க எல்லாருக்கும் தெரியும்ட்டி, தீன்னு தெரியும், காலையிலேருந்து ஒங்கம்மா அடுப்பே பத்தவைக்கல, ஒங்கப்பா பீடி குடிக்கல, நான்தான் பனின்னு பொய் சொன்னேன், நீயாச்சும் உள்ளதச் சொல்லு, எதிர்வீட்டுக்காரி சன்னலைத் திறந்து பார்க்கிறாள், பெரியப்பாவின் வாயிலிருந்து பீடி விழுகிறது.

கைபேசியில் யாரோ ஒரு குழந்தை அழுகிற சத்தம், ஆட்கள் நடக்கிற சத்தம், பிறகு கனி, நாலாவது படிக்கிறவள் மாதிரி ஒரு குரலில், வீடு எரிஞ்சு போச்சும்மா, முக்கியமானத மட்டும் எடுங்கன்னு போலீஸ் வந்து கத்துறான், பாஸ்போர்ட் பைலு மேசை மேலதான் இருந்திச்சு, அத விட்டுட்டு இட்லிக் கொப்பரையத் தூக்கிட்டு ஓடியாந்துட்டேன், மூடியக்கூட எடுக்கலம்மா.