கட்டிக்கொண்டு அழ வந்தவர்கள்

கிருபாசங்கர் அம்மாவின் காதில் மாஸ்க்கை மாட்டி முடிப்பதற்குள் அந்தியூர் அத்தை அதைப் பிடுங்கிவிட்டாள். செத்துப்போன அப்புசாமியின் தங்கை அவள். உரிமை அதிகம்.

"ஏங்கண்ணு, வாயைக் கட்டிப்போட்டா உங்கம்மா எப்பிடி அழுவா?"

"அப்பாவுக்கு வந்தது சாதாச் சளி இல்லீங்கத்தை. ஃப்ளூ. நெஞ்சுல எறங்கித்தான் போனாரு. அம்மாவுக்கும் சக்கரை இருக்குது. வாரவங்கள்ல பாதிப்பேரு இருமிக்கிட்டே வாராங்க."

"வாரவங்களைச் சீக்குக்காரங்கன்னு சொல்லாத. போ, போய் சேரை எடுத்துப் போடு."

யாருடைய மூச்சும் படாமல் பத்திரமாக இருந்தது அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அப்பா.

சித்திரையிலேயே கணபதி டாக்டர் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொன்னார். "அறுபத்தஞ்சு தாண்டுனவங்க, சக்கரை, இருதயக் கோளாறு இருக்கறவங்க, கர்ப்பிணிங்க, சின்னக் குழந்தைங்க, இவங்கெல்லாம் மொதல்ல போட்டுக்கோணுங்க. வருசாவருசம்." பைபாஸ் ஆன அப்பா எந்த வரிசையில் நின்றாலும் முதல் ஆள்தான். ஆனால் ஊரில் மாரியாத்தா கோயில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள்.

"கம்பம் நட்ட ஊருல ஊசி குத்துனா ஆத்தா கோவிச்சுக்குவாளுங்க. நோம்பி முடியட்டும், நானும் ஊட்டுக்காரியும் வாரோம்" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார் அப்பா.

நோம்பி முடிந்தது. கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்ட கையோடு அப்பாவின் கோழிப்பண்ணைக்குக் குஞ்சு வண்டி வந்துவிட்டது. அத்தனை குஞ்சுக்கும் தானே நின்று தடுப்பு மருந்து கொடுத்தார். பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்த மகனோ, கம்பெனி முகாமில் தன் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டான். அந்தக் குடும்பத்தில் காய்ச்சலால் சாக வாய்ப்பே இல்லாத இரண்டு கூட்டம், கோழிகளும் அவனும்.

வாசலில் வேன் நின்றது. ஒப்பாரி இறங்கி வந்தது. முதலில் வந்த பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைக்கக் குனிந்தாள். கிருபாசங்கர் குறுக்கே புகுந்தான். பெரியம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாதி ஒப்பாரியில்தான் மீசை குத்தியது போலிருக்கிறது.

"அட, நீ எதுக்குடா நடுவுல? தாலி உனக்கா அறுந்துச்சு?"

பந்தலில் யாரோ சிரித்தார்கள். "துணிக்கடை செக்யூரிட்டியாட்ட நிக்கிறான் பாரு" என்றார் ஒரு மாமா.

மனைவி லோகப்பிரியா அவன் சட்டையை இழுத்தாள். "எல்லாரும் பேசறாங்க. வாங்க இந்தப்பக்கம்."

"பேசட்டும். அப்பாவுக்கு நோம்பி முடியட்டும்னு உட்டோம். அம்மாவுக்கு என்ன முடியட்டும்னு உடறது?"

அம்மா அவன் கையைப் பிடித்தாள். அழுதழுது குரல் கம்மியிருந்தது.

"உடு கண்ணு. வாரவங்க என்னையக் கட்டிக்கிட்டு அழுகலீன்னா, இவளுக்கு யாருமில்லீன்னு ஆயிருமல்லோ?"

அவன் விலகிப் போய்ப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கன்னத்தோடு கன்னம், மூச்சோடு மூச்சு. அந்தியூர் அத்தை அம்மாவின் கழுத்தை விடவே இல்லை.

அப்போது அம்மா இருமினாள்.

ஒப்பாரி கொஞ்சம் தணிந்தது. மறுபடி இருமினாள். ஆழத்திலிருந்து வந்த இருமல். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அத்தை கையை எடுத்தாள். "கொஞ்சம் காத்து வரட்டும்" என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பெரியம்மாவுக்குத் தண்ணீர் தவித்தது, எழுந்து போனாள். அடுத்த வேனில் வந்தவர்கள் வாசல் நிலையருகிலேயே நின்று கும்பிட்டார்கள்.

அம்மாவைச் சுற்றிப் பாய் வெறுமையாகத் தெரிந்தது. அவள் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

கிருபாசங்கர் போய் அவளை ஒட்டி உட்கார்ந்தான்.