புதன்கிழமை வீடு

"ஆத்திரம் வந்தா பிள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வெளியே வந்துடும்மா. பத்து நிமிஷம் அழுதா ஒண்ணும் ஆகாது. பிடிச்சு உலுக்கினாத்தான் ஆபத்து."

"பெத்த பிள்ளை மேல ஆத்திரம் வருமா சிஸ்டர்?"

"எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க. வெளியே வந்ததும் யாரையாவது உதவிக்குக் கூப்பிடு. அதை மறந்துடாதே."

பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று நர்ஸ் சொன்னது இது. மூன்று மாதம் கழித்து, வாசல்படியில் உட்கார்ந்து அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் மகள் வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்தே அழுகை. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டு நடந்தாயிற்று. கடைசியில் தன்னையறியாமல் குழந்தையின் இரண்டு தோள்களையும் இறுக்கிப் பிடித்துவிட்டாள். கையை எடுத்தபோது விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது. உலுக்கவில்லை. ஆனால் உலுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அந்த நர்ஸே ஒவ்வொரு புதன்கிழமையும் குழந்தையின் எடை பார்க்க வருவார். தூங்குகிறாயா, யாராவது உதவுகிறார்களா என்றும் விசாரிப்பார். ஆனால் அந்த வீட்டில் புதன்கிழமை என்றால் பரீட்சை. அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவனின் அக்கா விடியற்காலையிலேயே தரையைத் துடைத்து, தையல் துணிகளை மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். அன்று மட்டும் நம் வீடு ஆஸ்பத்திரியைவிடச் சுத்தம் என்று, வாரம் முழுக்க லாரியில் இருக்கும் கணவன் போனில் சிரிப்பான். அவள் பவுடர் பூசி உட்காருவாள். நர்ஸ் கேட்கும் கேள்விக்கெல்லாம் அண்ணியே பதில் சொல்லிவிடுவார். எல்லாம் நன்றாக இருப்பதாக நர்ஸ் எழுதிக்கொண்டு போவார். உதவி வேண்டும் என்று சொல்ல அவளுக்கு இடமே கிடைக்காது.

இன்றும் புதன்கிழமை.

திண்ணையில், மிச்சமிருந்த ஒரு ஜாக்கெட்டைத் தைத்துக்கொண்டிருந்த மெஷின் நின்றது. அண்ணி ஊசியும் நூலுமாக எழுந்து வந்தார்.

"பிள்ளை தொண்டை வறளக் கத்துது, நீ இங்கே காத்து வாங்குறியா? எந்திரி, மூஞ்சியைக் கழுவு. நர்ஸம்மா தெருமுனைக்கு வந்துட்டாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. தெருவில் நர்ஸ், எடைமெஷின் பையைத் தோள் மாற்றிக்கொண்டு வருவது தெரிந்தது. அண்ணி அவசரமாகக் கதவைத் திறக்கப் போனார். அவள் அவர் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணி, தினமும் ஒரு மணி நேரம் பிள்ளையை நீங்க வச்சுக்குங்க. என் கையை நினைச்சா எனக்கே பயமா இருக்கு."